குன்றிமணியும் கருவின் காப்பும்

கம்பம் பள்ளத்தாக்கின் வேலியோரங்களில் குன்றிமணிக் கொடி படர்ந்து கிடப்பதை அவ்வழியே நடந்து சென்றவர்கள் கண்டிருப்பார்கள். நெற்று வெடித்ததும் கறுப்பு முகமும் சிவப்பு மேனியுமாக மணிகள் வெளியே எட்டிப் பார்க்கும். சிறுவயதில் நாங்கள் அவற்றைச் சட்டைப் பை நிறையப் பொறுக்கி வருவோம். தட்டார் தெருவில் அதற்கு மதிப்பு உண்டு. பொன்னை நிறுக்க அதுவே எடை. விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணும் அதுவே. ஆனால் எங்கள் பாட்டியார் அதைக் கண்டால் பதறுவார். "வாயிலே மட்டும் வைத்துவிடாதே அப்பா" என்று வாசற்படியிலிருந்தே குரல் கொடுப்பார். அவர் அச்சம் பொய்யன்று. முழு மணியை விழுங்கினால் தோலின் கடினத்தால் பெரும்பாலும் கேடின்றிக் கழிந்துவிடும். மென்றாலோ அரைத்தாலோ உயிருக்கே இறுதி. தோலுக்காக மாடுகளைக் களவாய்க் கொல்வோர், அரைத்த குன்றிமணியை ஊசியாக்கிக் குத்திய கொடுமை ஆங்கில ஆட்சிக்காலத்து மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

இந்தச் சிறு விதை, தாயின் வயிற்றிலுள்ள கருவுக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்த வரலாற்றிலே முதல் ஏட்டில் இடம்பெற்றது என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. அதைச் சொல்லவே இன்று முன்வந்தேன். அதற்கு முன் எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறிவிட வேண்டும்.

மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும்; இடையிலே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் வரிசையாக அமைந்த பூமி. 1996ஆம் ஆண்டின் அரசாணைப்படி தேனி தனி மாவட்டமாகும் வரையில் இது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பென்னிகுயிக் துரை மலைக்கு அப்பால் அணை எழுப்பி, மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895ஆம் ஆண்டு அப்பணியை முடித்தார். நீர் வந்தது, நெல் விளைந்தது. அந்த அணைக்காக மலைக்காட்டில் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்ட கூலியாட்களின் தொகை பெரிது. எங்கள் பக்கத்தில் பென்னிகுயிக்கின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருப்போர் பலர், அதற்கு மறுப்பில்லை. மாண்டவர்களுக்கும் ஒரு சிறு விளக்கு ஏற்றலாம் என்பது என் எண்ணம்.

நெல் நிறைந்த களஞ்சியத்தில் எலிக்கும் பங்கு உண்டு. 1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக், நாடெங்கும் பரவிப் பிற்காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கிலும் வேரூன்றிவிட்டது. மற்ற இடங்களில் வந்து போன நோய் இங்கே ஏன் நிலைத்து நிற்கிறது என்று அரசினரே வியந்து, அதனை ஆராய ஆள் அனுப்பினர். ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் தட்பவெப்பத்தையும் இங்கேயே தங்கி ஆராய்ந்து எழுதிய அறிக்கை, 1934ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. 'கம்பம் பள்ளத்தாக்கு' என்ற பெயர் உலகத்து மருத்துவ நூல்களில் ஏறியது முல்லையாற்றின் அழகாலன்று, இந்தக் கொள்ளைநோயால் என்பது சொல்லக் கசப்பான உண்மை.

அந்நாளைய நிலைமையை என் பாட்டியார் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். வீட்டு மோட்டுவளையிலிருந்து எலி ஒன்று செத்து விழுந்தால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு ஊரே வயற்காட்டுக்குப் புறப்பட்டுவிடும். தென்னங்கீற்றுக் குடிசைகளில் மாதக்கணக்காய் வாசம். அப்படி ஒரு குடிசையிலேதான் என் தந்தையார் தவழக் கற்றுக்கொண்டாராம். நோய் வந்தால் மக்கள் அம்மனை நோக்கி ஓடுவது இயல்பு. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில் உண்டு. எங்களுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன். சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டி ஏந்தி நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்கள், வைசூரியும் பிளேக்கும் இந்த மண்ணில் எத்தனை தாய்மார்களை அழவைத்திருக்கும் என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

பாட்டியார் பிளேக்கைப் பற்றி விரிவாகப் பேசுவார். ஒன்றைப் பற்றி மட்டும் பேசமாட்டார். என் தந்தையாருக்கு முன் அவருக்குத் தலைச்சன் ஒன்று பிறந்தது. ஆண் குழந்தை. கொப்பூழ்க்கொடியைக் கதிர் அரிவாளால் அறுத்து, சாம்பலைத் தடவினார்கள். முதற்பால் கெட்டபால் என்று சொல்லிச் சீம்பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் உடம்பு வில்லாய் வளைந்தது. அன்று மாலை போய்விட்டது. காற்றுச்சேட்டை என்றார்கள். இதை எனக்குச் சொன்னவர் பாட்டியாரின் தங்கை. பாட்டியார் இறந்து பல ஆண்டுகள் கழித்து.

இனிக் குன்றிமணிக்கு வருவோம்.

1890ஆம் ஆண்டு பெர்லின் நகரத்தில் பேரிங் என்னும் ஜெர்மானியரும் கிடசாடோ என்னும் ஜப்பானியரும் சேர்ந்து ஒரு புதுமையைக் கண்டனர். வில்வாத நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்குகளுக்குச் செலுத்திப் பழக்கினால், அவற்றின் குருதிநீரில் அந்நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று தோன்றுகிறது. அந்தக் குருதிநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கிறது. இப்பொருளை இன்று எதிர்ப்பொருள் என்கிறோம். (என் தந்தையாரின் தமையனைக் கொண்டுபோனதும் இந்த வில்வாதமே. காற்றுச்சேட்டை அன்று.)

அதே நகரில், அதே காலத்தில், பால் எர்லிச் என்னும் மருத்துவர் இதை வேறு வழியிலே சோதிக்கக் கருதினார். நோய்க்கிருமியின் நஞ்சை அளந்து எடுப்பது அந்நாளில் அரிது. செடியின் நஞ்சை அளப்பது எளிது. ஆகவே அவர் தேர்ந்துகொண்டவை இரண்டு: ஆமணக்கு விதையின் நஞ்சு ஒன்று, குன்றிமணியின் நஞ்சு மற்றொன்று. நம் வீட்டு விளக்குக்கு எண்ணெய் தந்த விதையும், நம் தட்டார் தராசில் கிடந்த விதையும்! சுண்டெலிகளுக்குத் தின்பண்டத்தில் இம்மியளவு நஞ்சைக் கலந்து கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் கூட்டினார். சில வாரங்களில் அந்தச் சுண்டெலிகள், சாதாரணச் சுண்டெலியைப் பன்மடங்கு கொல்லக்கூடிய அளவையும் தாங்கி நின்றன. ஆமணக்கு நஞ்சுக்குப் பழகியது குன்றிமணி நஞ்சுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. குன்றிமணிக்குப் பழகியது ஆமணக்குக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒவ்வொரு பகைக்கும் ஒவ்வொரு படைக்கலம் என்பது இதனால் தெளிவாயிற்று.

எர்லிச் இதோடு நிற்கவில்லை. இவ்வாற்றல் பிள்ளைக்குச் செல்லுமா என்று கேட்டார். நஞ்சுக்குப் பழகிய ஆண் எலியைப் பழகாத பெண் எலியோடு சேர்த்தார். குட்டிகளுக்குக் காப்பு இல்லை. பழகிய பெண் எலியைப் பழகாத ஆண் எலியோடு சேர்த்தார். குட்டிகளுக்குக் காப்பு இருந்தது. பிறகு குட்டிகளை மாற்றி வைத்தார். பழகாத தாய் ஈன்ற குட்டிகளைப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டபோது அவையும் நஞ்சைத் தாங்கின. சில மாதங்களில் அந்தக் காப்பு தேய்ந்து மறைந்தது. ஆகவே இது தந்தைவழி வரும் குலச்சொத்து அன்று. தாய் தன் குருதியாலும் பாலாலும் கைமாற்றாகக் கொடுத்தது. 1892ஆம் ஆண்டு அவர் இதை வெளியிட்டார். சீம்பாலைத் தரையில் பீய்ச்சும் வழக்கம் அதற்குப் பின்னும் எங்கள் ஊரில் அறுபது எழுபது ஆண்டுகள் நீடித்தது.

மனிதரிடத்தில் முறை சற்று வேறு. தாயின் எதிர்ப்பொருளில் ஒரு வகை, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் குருதிக்குள் மிகுதியாகச் செல்கிறது. சீம்பாலில் உள்ள மற்றொரு வகை, குழந்தையின் குடலைக் காக்கிறது. மாட்டுக்கோ நஞ்சுக்கொடி வழியே ஒன்றும் செல்வதில்லை. கன்றுக்கு வருவது அனைத்தும் சீம்பாலில்தான். அதனால்தான் கன்று பிறந்தவுடன் மடியில் விடாமல் சீம்பாலை முழுதும் கறந்து கொள்பவனை எங்கள் மலைமாட்டுக்காரர்கள் ஏசுவார்கள். கன்றுக்குக் காட்டிய நியாயத்தை அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காட்டவில்லை என்பது வேறு கதை.

தாய் கொடுத்தது கைமாற்று; அது சில மாதங்களில் தீர்ந்துவிடும். அப்படியானால் குழந்தை தன் சொந்தப் படைக்கலத்தை எப்போது, எங்கே, எங்ஙனம் வார்க்கத் தொடங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இடையிலே ஒரு பெரும் புதிர் வழிமறித்தது. உலகிலுள்ள கிருமிகளும் நஞ்சுகளும் எண்ணில. ஒவ்வொன்றுக்கும் தனி எதிர்ப்பொருள் வேண்டும். எதிர்ப்பொருள் என்பது புரதம். புரதத்தைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கவேண்டும். மனிதனின் மரபணுக்களோ சில பதினாயிரம் மட்டுமே. கோடிக்கணக்கான படைக்கலங்களுக்கு இந்தச் சிறு ஓலைச்சுவடி எப்படிப் போதும்?

1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிரையர், பென்னட் என்னும் இருவர், குறிப்பு முழுதாக எழுதி வைக்கப்படவில்லை, துண்டுகளாக இருந்து பிறகு கோக்கப்படுகிறது என்றனர். மரபணு என்பது பிறப்பு முதல் இறப்பு வரை அசையாதது என்று நம்பியிருந்த காலம் அது, பலர் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் பேசல் நகரில் சுசுமு டொனெகாவா என்னும் ஜப்பானியர், தம் துணைவர் ஹொசுமியுடன் அதை மெய்ப்பித்தார். அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு: சுண்டெலிக் கருவின் டி.என்.ஏ. ஒன்று, எதிர்ப்பொருளைச் சுரக்கும் வளர்ந்த உயிரணுக்களிலிருந்து தோன்றிய கட்டியின் டி.என்.ஏ. மற்றொன்று. இரண்டையும் ஒரே நொதியால் வெட்டிப் பார்த்தார். கருவிலே, எதிர்ப்பொருளின் முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் உரிய குறிப்புகள் வெவ்வேறு துண்டுகளில் கிடந்தன. கட்டியிலோ இரண்டும் ஒரே துண்டில் அண்மையாக வந்திருந்தன. இடையில் இருந்த பகுதி வெட்டி எறியப்பட்டுவிட்டது. 1987ஆம் ஆண்டு இதற்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பிளேக்கைக் கொண்டுவந்த குலமும் எலிக்குலமே, இந்த இரகசியத்தை விடுவித்த குலமும் அதுவே. எங்கள் பாட்டியாரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இந்தக் கோவையைத் தமிழறிந்தார்க்கு விளக்குதல் எளிது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி இருநூற்றுப்பதினாறு உயிர்மெய் பிறக்கின்றன அல்லவா? அதுபோன்றதே இது. எதிர்ப்பொருளில் கனத்த சங்கிலி ஒன்று, மெலிந்த சங்கிலி ஒன்று, இரட்டை இரட்டையாக. கனத்த சங்கிலிக்கான குறிப்பு பதினான்காம் குரோமோசோமில் உள்ளது. அதில் முன்துண்டு ஏறத்தாழ 40, நடுத்துண்டு 23, இணைப்புத்துண்டு 6. ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் 5,520 வகை. மெலிந்த சங்கிலியில் சுமார் 320 வகை. இரண்டையும் பெருக்கினால் பதினேழு லட்சத்துக்கு மேல். முதலில் நடுத்துண்டும் இணைப்புத்துண்டும் சேரும். பிறகே முன்துண்டு வந்து ஒட்டும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு; அது நன்னூல் படித்தவர்க்கு விருந்து. இரண்டு சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் நேரும் என்று இலக்கணம் கூறும். துண்டுகள் புணரும் இடத்திலும் அவ்வாறே. சில எழுத்துகள் அரிக்கப்பட்டு மறையும், அது கெடுதல். எந்தச் சுவடியிலும் இல்லாத சில எழுத்துகளை ஒரு நொதி புதிதாகச் செருகும், அது தோன்றல். திரிதல் பின்னர் வரும். பகைவனை நேரே கண்ட பிறகு உயிரணு தன் எழுத்துகளை மாற்றி மாற்றிக் கூர்தீட்டிக்கொள்ளும். இவற்றால் இலட்சங்கள் கோடிகளாகப் பெருகுகின்றன. துண்டுகளை வெட்டும் நொதியின் இரு பகுதிகளுக்குரிய மரபணுக்களை ஷாட்ஸ், ஆட்டிங்கர், பால்டிமோர் ஆகியோர் 1989, 1990ஆம் ஆண்டுகளில் கண்டெடுத்தனர். அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைக்கு எதிர்ப்பொருளும் இல்லை, அதற்குத் துணைநிற்கும் படையணுக்களும் இல்லை. சளியும் பேதியுமே அதற்குக் கூற்றுவன்.

இனிக் கருவுக்குள் நுழைவோம். கரு எட்டு வார வயது எய்தும்போது, ஒரு கட்டைவிரல் நீளமும் இல்லாத அந்த உடம்பின் கல்லீரலில் இக்கோவை தொடங்கிவிடுகிறது. அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில், தான் கோத்த எதிர்ப்பொருளை மேலே அணிந்துகொண்ட உயிரணுக்கள் காணப்படுகின்றன. எலும்பு மச்சை இப்பணியை ஏற்பது பிறகுதான். தாய்க்குத் தான் கருவுற்றிருப்பது திடப்பட்டு, மாமியாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே, உள்ளே படைக்கலச்சாலை திறக்கப்பட்டுவிடுகிறது.

ஆனால் அச்சாலை எல்லா அறைகளையும் ஒருங்கே திறப்பதில்லை. 1987ஆம் ஆண்டு ஷ்ரோடர் என்பவரும் அவர் தோழர்களும், நாலு மாதம் கடந்த ஒரு கருவின் கல்லீரலிலிருந்து இக்குறிப்புகளை எடுத்துப் படித்து வியப்புற்றார்கள். நாற்பது முன்துண்டு இருக்க, கரு மிகச் சிலவற்றையே திரும்பத் திரும்பப் பொறுக்கிக்கொண்டிருந்தது. நடுத்துண்டிலும் அப்படியே, இணைப்புத்துண்டுகளுக்கு மிக அருகில் கிடக்கும் மிகக் குறுகிய நடுத்துண்டுக்கு இளங்கருவிலே தனிச் சலுகை. புணரும் இடத்தில் தோன்றல் மிகக் குறைவு. புதிய எழுத்தைச் செருகும் நொதி அப்போது போதிய அளவு பிறக்கவில்லை. ஆகவே பெரும்பாலும் இயல்புப் புணர்ச்சிதான். இதனால் எதிர்ப்பொருளின் பற்றும் முனை குட்டையாகவும் எளிதாகவும் அமைகிறது. மாதங்கள் செல்லச் செல்லவே அது நீள்கிறது. பிறந்த பின்னும் நீண்டுகொண்டே போகிறது.

இதைக் குறையென்று கொள்வதா? அவ்வாறு கொள்ளுதல் அவசரம் என்பது என் துணிபு. கரு பொறுக்கிய அந்தச் சில துண்டுகள் கண்டபடி பொறுக்கியவை அல்ல. வெவ்வேறு கருக்களிலும் ஏறக்குறைய அவையே முன்னிற்கின்றன. எழுதக் கற்கும் குழந்தைக்கு முதலில் 'அ'வும் 'ஆ'வும் காட்டுகிறோமே, வல்லின மெய்யோடா தொடங்குகிறோம்? ஆயினும் இதன் விளைவை மறைக்கவும் கூடாது. பச்சிளங்குழந்தை சில பகைகளுக்கு விடையளிக்க இயலாது. கிருமியின் மேலுள்ள சர்க்கரைப் பூச்சை மட்டும் காட்டினால் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை; அதனால்தான் அப்பூச்சைப் புரதத்தோடு இணைத்துத் தடுப்பூசி செய்யும் முறை பின்னாளில் வந்தது. கரு தானே முதலில் செய்யும் எதிர்ப்பொருள் வகை நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. ஆகவே பிறந்த குழந்தையின் கொப்பூழ்க்கொடிக் குருதியில் அது மிகுந்து காணப்பட்டால், கருவறையிலேயே ஏதோ ஒரு கிருமி அப்பிள்ளையைத் தீண்டியிருக்கிறது என்று மருத்துவர் ஐயுறுவர். வாய் பேசாத பிள்ளையின் வாக்குமூலம் அது.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி உறுத்தியது. அன்று சீம்பாலைக் கொடுத்திருந்தால் பாட்டியாரின் தலைச்சன் பிழைத்திருக்குமா? பலகாலம் அப்படித்தான் நம்பினேன். உறவினரிடமும் சொல்லி வந்தேன். அது தவறு. வில்வாத நஞ்சை முறிக்கும் பொருள் பாட்டியாரின் குருதியிலேயே இல்லை. அந்நோய் கண்டு பிழைத்தவர்களுக்குக் கூட அது உண்டாவதில்லை. அத்தனை சிறிய அளவிலே கொல்லும் நஞ்சு அது. இல்லாத பொருளைத் தாய் எங்கிருந்து கொடுப்பாள்? எட்டு நாள் பிள்ளை தானே செய்துகொள்ளவும் நேரமில்லை. வழி ஒன்றே: தாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டிருக்க வேண்டும். 1920களில் பிரான்ஸ் நாட்டில் ரமோன் என்பவர், நஞ்சின் பல்லைப் பிடுங்கித் தடுப்பு மருந்தாக்கும் முறையைக் கண்டுவிட்டார். பாட்டியார் பிள்ளை பெற்ற காலத்தில் மருந்து உலகத்தில் இருந்தது. எங்கள் ஊர் அதற்கு எட்டாத தொலைவில் இருந்தது. சுத்தமான அரிவாளாவது இருந்திருக்கலாம். கொதிநீர் இருந்தது, அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

1978ஆம் ஆண்டு தொடங்கிய விரிந்த தடுப்பூசித் திட்டமும் 1985ஆம் ஆண்டு அதனை அடுத்து வந்த திட்டமும் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. 2015ஆம் ஆண்டு, இந்தியாவின் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவுக்குக் கூட இந்நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. தாயின் கையில் குத்திய ஊசி, நஞ்சுக்கொடி வழியே பிள்ளையின் எட்டாம் நாளைக் காக்கிறது. எர்லிச்சின் சுண்டெலிகள் செய்து காட்டியதும் இதுவே.

என் பேத்திக்குப் பிரசவம் தேனியில் ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தது. பிள்ளை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் செவிலியர் அதை மார்பில் சேர்த்துவிட்டார். என் தங்கை சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். செவிலியர் அதை வாங்கி ஜன்னலோரத்தில் வைத்தார். மாலை வரை அது அங்கேயே இருந்தது, எறும்பு மொய்த்தது. எட்டாம் நாள் நான் காரணம் சொல்லாமல் விடியற்காலையிலேயே போய்த் தொட்டிலருகில் அமர்ந்தேன். பிள்ளை விழித்து, வாயைத் திறந்து, வீடே கேட்கும்படி பசிக்கு அழுதது.